அந்த 200 ஜிபி மெகா பேக் எனக்கு வேண்டாம்

அசெட்டோ கோர்ஸா ஆடுகிற யாரிடமாவது போய், "புதுசா ஆரம்பிக்கிறேன், என்ன மாட் போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டிரைவ் லிங்க் வரும். "எல்லாம் இதுலயே இருக்கு ப்ரோ. அப்படியே கன்டென்ட் ஃபோல்டர்ல போட்டுடு. ஓவர்ரைட் பண்ணவான்னு கேட்டா யெஸ் கொடுத்துடு."

அந்த "யெஸ் கொடுத்துடு"வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உலகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு அறிமுகம். மாட் என்றால் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்கள் செய்து கேமில் சேர்க்கும் கார், டிராக் மாதிரியான சரக்கு. பலர் செய்த மாட்களை ஒருவர் அள்ளி ஒன்றாகக் கட்டியது மெகா பேக். அசெட்டோ கோர்ஸா இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி செய்த ரேஸிங் சிமுலேட்டர். முழு வடிவம் 2014 டிசம்பரில் வந்தது. அன்றைக்கு அதில் இரவும் கிடையாது, மழையும் கிடையாது. இன்று இரண்டும் இருக்கின்றன. அதைக் கொடுத்தது கம்பெனி இல்லை. கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதிச் சேர்த்தது. கேமைத் திறக்கக்கூட இப்போது பெரும்பாலானவர்கள் ஒரிஜினல் லாஞ்சரைத் தொடுவதில்லை, கன்டென்ட் மேனேஜர்தான். அதுவும் அப்படி வந்ததுதான். இதே குனோஸ் பிறகு கொண்டுவந்த அசெட்டோ கோர்ஸா காம்பெடிஸியோனி என்ற கேமில் கார் மாட், டிராக் மாட் எதற்கும் இடமில்லை, லிவரி, அதாவது காரின் மேல் பெயின்ட், மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பார்க்க அது எவ்வளவோ அழகு. ஆனாலும் பத்து வருஷம் தாண்டிய பழைய கேமை விட்டு ஆள் நகர மாட்டேன் என்கிறது என்றால் காரணம் மாட்காரர்கள். அவர்கள் செய்து கொடுத்ததை நாம் எப்படிப் பகிர்கிறோம் என்று பார்த்தால் கொஞ்சம் கோபமாகத்தான் வருகிறது.

ஒரு மாட் கார் என்பது என்ன? கன்டென்ட் ஃபோல்டருக்குள் கார்ஸ், அதற்குள் அந்தக் காரின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதில் கேஎன்5 என்று முடிகிற கோப்புதான் 3டி மாடல். ஸ்கின்ஸில் பெயின்ட். எஸ்எஃப்எக்ஸில் சத்தம். யூஐ ஃபோல்டரில் ஒரு சின்ன ஜேசன் கோப்பு. காரின் பெயர், ஆண்டு, பவர், செய்தவர் யார், எந்த வெர்ஷன் எல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு டேட்டா.ஏசிடி என்று ஒன்று. காரின் உயிர் அதில்தான். டயர், சஸ்பென்ஷன், ஏரோ, டிரைவ்டிரெய்ன் என்று வரிசையாக அளவுகள் எழுதிய ஐஎன்ஐ கோப்புகளை ஒன்றாக அடைத்து வைத்த பொட்டலம் அது. கூடவே இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் (சுற்று வேகத்தில்) எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) தரும் என்று இரண்டு பத்தியாக வெறும் எண்கள் ஓடுகிற ஒரு எல்யூடி கோப்பு. அதில் ஓர் எண்ணை மாற்றினால் அது வேறு கார். வெளியிலிருந்து பார்த்தால் அதே சிவப்பு, அதே ஸ்டிக்கர், அதே சத்தம். முதல் வளைவில் பின்பக்கம் வழுக்கும்போதுதான் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும்.

இப்போது ஞாயிறு ராத்திரி ஆன்லைன் ரேஸுக்கு வாருங்கள். சர்வருக்குள் நுழையும்போது உங்கள் டேட்டா கோப்பையும் தன்னிடம் இருப்பதையும் சர்வர் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) போட்டு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெளியே தள்ளிவிடும். ஸ்கின்னை அது கண்டுகொள்ளாது. உங்கள் ஸ்கின் மற்றவர்களிடம் இல்லையென்றால் அவர்கள் கண்ணுக்கு உங்கள் கார் வேறு பெயின்டில் தெரியும், அவ்வளவுதான். டேட்டா விஷயத்தில் தயவு தாட்சண்யம் இல்லை. அப்புறம் வாய்ஸ் சாட்டில் ஓடுகிற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்:

"மச்சி, என்னை உள்ள விட மாட்டேங்குது."

"எந்த வெர்ஷன் வெச்சிருக்க?"

"தெரியலடா, பேக்ல வந்தது."

பேக்கில் வந்ததற்கு வெர்ஷன் ஏது? யாரோ ஒருவர் தன் ஆன்லைன் ரேஸ் லீக்குக்காக டயரைத் திருத்தி, ஃபோல்டர் பெயரை மாற்றாமல் அப்படியே ஜிப் செய்திருப்பார். இன்னொருவர் அதை எடுத்துத் தன் பேக்கில் போட்டிருப்பார். அதை நாம் "யெஸ்" கொடுத்து, ஏற்கனவே சரியாக இருந்ததன் மேல் கொட்டியிருப்போம். குவாலிஃபையிங் முடியும்வரை ஒருவர் ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். ஆர்ஃபேக்டர் காலத்து ஆட்களைக் கேளுங்கள், 2005இல் வந்த கேம் அது. "மிஸ்மேட்ச்" என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் முகம் மாறும்.

சரி, ஃபோல்டர் பெயரை மாற்றி இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். டேட்டா.ஏசிடியைப் பூட்டியிருக்கும் சாவி அந்த ஃபோல்டரின் பெயரிலிருந்துதான் உருவாகிறது. பெயரை மாற்றினால் கேமால் அதைத் திறக்க முடியாது. சத்தத்துக்கான கோப்பும் காரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடும், அதனால் வண்டி ஊமையாகிவிடும். ஆக இந்தக் கேமைப் பொறுத்தவரை ஃபோல்டர் பெயர்தான் காரின் அடையாளம். அதனால்தான் ஒழுங்காக வேலை செய்பவர்கள் முன்னால் தங்கள் முத்திரையைப் போடுகிறார்கள். குனோஸின் பல கார்கள் கே.எஸ். என்று ஆரம்பிக்கும். விஆர்சி என்றால் வர்ச்சுவல் ரேஸிங் கார்ஸ். ஆர்எஸ்எஸ் என்றால், பதறாதீர்கள், ரேஸ் சிம் ஸ்டூடியோ. கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப் போகாமலிருக்க அடியில் பெயர் வெட்டி வைப்பார்களே, அதே ஏற்பாடு. நீங்கள் ஒரு காரின் ஃபிஸிக்ஸை, அதாவது அது ஓடும் குணத்தை, தொட்டீர்களா? தாராளமாகத் தொடுங்கள். ஆனால் முதலில் செய்தவரிடம் கேட்டுவிட்டு, புதுப் பெயரில் முறையாகப் பொட்டலம் கட்டி, உங்கள் லீக்கின் முன்னெழுத்தைச் சேர்த்து வெளியிடுங்கள். பழைய பெயரிலேயே திருத்தியதைச் சுற்ற விடுவதுதான் தவறு.

டிராக்குகளின் கதை இதைவிட மோசம். ஒரு டிராக் ஒரு ஜிபிக்கு மேல் போவது இப்போது சகஜம். பேக் கட்டுபவர் இடத்தை மிச்சம் பிடிக்க ஏஐ ஃபோல்டரைத் தூக்கிவிட்டிருப்பார். கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களுக்குப் பாதை தெரியாது. வேறு கேமிலிருந்து அவசரமாக மாற்றிய டிராக்கில் கார்கள் நிற்கும் பிட் இடங்கள் பாதிதான் வைத்திருப்பார்கள். இருபது பேர் ரேஸுக்கு அறிவிப்பு கொடுத்த பிறகுதான் அது தெரியவரும். டோக்கியோ நெடுஞ்சாலையை அப்படியே கட்டி வைத்திருக்கும் ஷுடோக்கோ ரிவைவல் ப்ராஜெக்ட் அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. சர்வர்கள் புது வெர்ஷனுக்குப் போயிருக்கும், பேக்கில் பழசு இருக்கும். செய்தவர்களே இலவசமாகத் தரும் ஒன்றை, அதுவும் பழசை, இன்னொருவர் டிரைவிலிருந்து எதற்கு எடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பேக்குகளில் ரீட்மீ, அதாவது செய்தவர் மாட்டோடு வைக்கும் குறிப்புக் கோப்பு, இருக்காது. முதலில் தூக்கி எறிவது அதைத்தான். மாடல் யார், ஃபிஸிக்ஸ் யார், சத்தம் யாருடையது, எதை அனுமதி வாங்கி எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சில பேக்குகளில் யூஐ கோப்பில் செய்தவர் பெயரை அழித்துவிட்டு பேக் கட்டியவர் தன் சேனல் பெயரைப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து சஸ்பென்ஷன் புள்ளிகளை அளந்து அளந்து போட்டவர் ஒருவர். நோட்பேடில் ஒரு வரியை மாற்றி "நம்ம சேனல் ஸ்பெஷல்" என்று சப்ஸ்கிரைப் கேட்பவர் இன்னொருவர். இதில் காரில் பிழை இருந்தால் திட்டு மட்டும் சரியாகச் செய்தவருக்கே போய்ச் சேரும். இனிமேல் எதுவும் வெளியிட மாட்டேன் என்று ஒதுங்கியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காசு கொடுத்து வாங்குகிற மாட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில யூரோ கொடுத்து வாங்கும் காரை பேக்கில் போட்டு இலவசமாக விடுவது திருட்டுதான், அதில் எனக்குக் குழப்பமில்லை. "அவனே ஃபோர்ஸா கேம்லயிருந்து மாடலை உருவித்தானே விக்கிறான்" என்பார்கள். அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்கு என் பதில், அந்தக் காரை வாங்கவும் வேண்டாம், பேக்கில் இறக்கவும் வேண்டாம். வேறு கார் இல்லாமலா போய்விட்டது?

இவ்வளவு சொன்னாலும் எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. லிங்க் செத்துப்போகும். 2012 ஜனவரியில் ஃபைல் பகிரும் தளமான மெகாஅப்லோடை அமெரிக்க அரசு மூடியது. மற்ற கோப்புகளோடு அதில் ஏற்றி வைத்திருந்த மாட்களும் போயின. அதே மாதிரித் தளமான ரேபிட்ஷேர் 2015இல் கடையைச் சாத்தியது. டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பில் ஏற்றிய ஃபைலின் லிங்க்கை எங்கும் ஒட்டலாம் என்று இருந்தோம். 2023 கடைசியில், வெளியே பகிர்ந்த லிங்க் 24 மணி நேரத்தில் காலாவதி என்று அறிவித்தார்கள். செய்தவர் வாழ்க்கையில் வேறு வேலைக்குப் போய்விடுவார், பக்கம் காணாமல் போகும், மின்னஞ்சலுக்குப் பதில் வராது. அப்போது யாரோ ஒருவர் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால்தான் அந்தக் கார் பிழைக்கும். அதனால் சேர்த்து வைக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பிரித்துப் போட்டுக் கலக்காமல், வந்த பொட்டலம் வந்தபடியே வையுங்கள் என்கிறேன்.

நான் செய்வது ரொம்பச் சாதாரணம். டவுன்லோட் ஆன ஜிப்பைப் பிரிக்காமல் தனி ஹார்ட் டிஸ்கில் போடுவேன். செய்தவர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த ஜிப், பக்கத்திலேயே எந்தப் பக்கத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தேன் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். கேமுக்குள் இருப்பது இதன் நகல்தான். ஏதாவது குழம்பினால் கேமில் இருப்பதை அப்படியே அழித்துவிட்டு ஜிப்பிலிருந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். போடுவதையும் கையால் செய்வதில்லை. ஜிப்பை கன்டென்ட் மேனேஜர் ஜன்னலில் இழுத்து விட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவே பார்த்து, ஏற்கனவே அதே பெயரில் இருந்தால் நிறுத்திக் கேட்கும்: இருப்பதன் மேலேயே எழுதட்டுமா, பழசை முழுக்க நீக்கிவிட்டுப் போடட்டுமா என்று. அந்த இடத்தில் அரை நிமிடம் நின்று வெர்ஷனைப் பார்த்தாலே பாதித் தகராறு வராது. அவசரத்தில் எல்லாரும் முதலாவதை அமுக்குகிறார்கள். அது பழைய கோப்புகளில் சிலதை அப்படியே விட்டுவைக்கும். புது வெர்ஷனும் பழைய வெர்ஷனும் கலந்த ஒரு கார் உருவாகும், அதை உலகத்தில் யாருமே டெஸ்ட் செய்திருக்க மாட்டார்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான். பழைய ஸ்கின் வேண்டுமென்றால் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

லீக் நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை. சீஸனுக்குத் தேவையான கார்களை நீங்களே ஜிப் கட்டி டெலிகிராமில் போடாதீர்கள். கன்டென்ட் மேனேஜர் வழியாக சர்வர் வைத்தால் ஒவ்வொரு காருக்கும் டிராக்குக்கும் டவுன்லோட் முகவரியை அதிலேயே கொடுத்து வைக்க முடிகிறது. இல்லாதவர் சர்வரைத் திறந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார். அந்த முகவரி செய்தவரின் பக்கமாக இருக்கட்டும். டவுன்லோட் எண்ணிக்கையாவது அவருக்குப் போய்ச் சேரும். ஆர்ஃபேக்டர் 2 மாதிரி, மாட்களை ஒரே இடத்தில் வைத்துத் தானாக இறக்கிக் கொடுக்கும் ஸ்டீம் வொர்க்‌ஷாப் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களும் உண்டு. அங்கே வேறு தொல்லை: சீஸன் நடுவில் மாட் தானாக அப்டேட் ஆகிவிடும், போன வாரம் வரை பழகிய கார் இந்த வாரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜிப் முறை எனக்கு அந்த விதத்தில் பிடித்தே இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும் என்று நினைக்கிறேன். 2011 முதல் 2013 வரை மூன்று எஃப்1 ரேஸ் நடந்த, டெல்லிக்குப் பக்கத்து புத் சர்க்யூட்டே குனோஸ் கொடுத்த பட்டியலில் இல்லை. சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் கோவை செட்டிப்பாளையத்துக் கரி ஸ்பீட்வேயும் பட்டியலில் இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இந்த மாதிரி இடங்களில் நாம் ஓட்ட வேண்டுமென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாட் செய்தால்தான் உண்டு.

அதனால் ஒரு கேள்வி. இருங்காட்டுக்கோட்டை, கரி இரண்டில் எதற்காவது யாராவது செய்த மாட், ரீட்மீயோடு வந்தபடியே, உங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறதா? இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஃபைலை இப்போதே அனுப்ப வேண்டாம். ரீட்மீயில் செய்தவர் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் இன்பாக்ஸில் எழுதுங்கள், அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.