திரைக்கு முன்னால் கொஞ்சம் கயிறு
கைபேசி விளையாட்டு வந்தால்தான் பிள்ளைகள் நூதனசாலைப் (அருங்காட்சியகம்) பக்கம் வருவார்கள் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அந்தத் 'தான்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. போன வருடம் மட்டக்களப்பில் ஒரு கண்காட்சிக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெரிய தொடுதிரை, தொட்டால் கோட்டையின் கதை வருமாம். அன்று கரண்ட் இல்லை. கறுத்துக் கிடந்த திரையில் அவன் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டான். அப்புறம் உள்ளே, கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளை மாட்டி இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டுக்கான இரண்டு கொம்புகள் கிடந்தன. காவலுக்கு நின்ற ஐயா 'தொடாதே' என்று அதட்டவில்லை. ஒன்றில் ஒன்றைக் கொக்கி மாதிரி மாட்டி, கயிற்றை நீட்டி, பிள்ளைகளைக் கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டார். கொம்பு முறியவில்லை, ஆனால் வீடு வரும்வரை 'தென்சேரி ஏன் கண்ணகி பக்கம்?' என்று ஒரே கேள்வி. போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டியதும் ஒல்லாந்தர் 1638இல் பிடித்ததும் பலகையில் இருந்தன, அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் 2017இல் வெளியிட்ட கைபேசி விளையாட்டைச் சொல்லியிருக்கிறார். சரி, அது நல்ல வேலை. தான் பார்த்தே இராத தகப்பனைத் தேடும் மகனின் கதை, அதிலும் சில பகுதிகள் நேரில் போனால்தான் திறக்கும். அந்தக் கெட்டித்தனத்தை இங்கே கொண்டுவருவதென்றால், மட்டக்களப்பு வாவியில் பௌர்ணமி இரவுகளில் கேட்பதாகச் சொல்லும் பாடும் மீனின் ஒலி, அங்குள்ள கல்லடிப் பாலத்தடியில் நின்றால் மட்டும் கைபேசியில் திறக்கிற மாதிரிச் செய்யலாம். பௌர்ணமி இரவில் மட்டும் என்றால் இன்னும் நல்லது.