ஒரு வரியில் முடிகிற விவரமா இது?

பழைய மரச்சாமான்கள், கார்களுக்கான ஏலப் பட்டியல்களில் "பழமையானது, நல்ல நிலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. காரைக்குடிப் பக்கம் ஓர் ஏலத்தில் பர்மா தேக்கு அலமாரி ஒன்று எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இழுப்பறையை உருவிப் பார்த்தால் அடிப்பலகை பிளைவுட்! முகப்பும் கால்களும் மட்டும்தான் பழசு. மனசு விட்டுப்போச்சு. அசல் பழசில், கையால் இழைத்த பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினால் இழைப்புளி (மரம் இழைக்கும் கருவி) போன தடம் மெல்லிய அலை போல விரலில் தட்டுப்படும். அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தாலே போதும், நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1961 முதல் மதராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். பெயின்ட் பளபளப்பெல்லாம் அப்புறம். ஹெரால்டுக்கு உடல் வேறு, சேஸிஸ் வேறு. மேலே புது பெயின்ட் மின்னும், அடியில் துரு அரித்திருக்கும். வண்டிக்குக் கீழே படுத்து எடுத்த நாலு படங்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த வண்டிக்கு ஏலம் கேட்காதீர்கள்.