23-இல் நின்ற எண்ணிக்கை

வியாசர்பாடியில் மாமாவுக்கு 4 மாடுகள். தெருவில் விட்டால் மாநகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும், கட்டிப்போட்டால் தீனிக்கு வழி பண்ண வேண்டும். நவரை நெல் அறுவடை முடிந்த சமயம், குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வைக்கோலுக்காகப் பொன்னேரி தாண்டிப் போனேன். பேசி வைத்திருந்தவர் முந்தின நாளே வேறு யாருக்கோ ஏற்றிவிட்டார். "மடத்துல கேட்டுப் பாரு தம்பி, சிஸ்டருங்க நிலத்துல கையறுப்பு" என்று கை காட்டினார். மெஷின் ஏறி நசுக்காத வைக்கோல் என்றால் மாமாவுக்கு உயிர்.

கன்னியர் மடம் என்றால் எனக்குத் தெரிந்தது ராயபுரம் பக்கத்துப் பள்ளிக்கூட கேட்டும் அட்மிஷன் வரிசையும்தான். இங்கே ஓட்டுக் கொட்டகை, மாடுகள், அறுபதைத் தாண்டிய ஒரு சிஸ்டர். முந்தானையை இடுப்பில் செருகி, சாணி வாளியோடு வந்தார். "மாட்டுக்கா, காளானுக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. மாடு என்றதும் கட்டுக்கு 5 ரூபாய் குறைத்தார். அதற்குமேல் ஒரு பைசா இறங்கவில்லை. செங்குன்றம் மண்டிக்காரர்கள் இவரிடம் பாடம் படிக்கலாம்.

கொட்டகை ஆள் எடுத்துக் கொடுக்க, நான் அடுக்க, சிஸ்டர் எண்ணினார். 23-இல் மணி அடித்தது. மூன்று அடி, கொஞ்சம் விட்டு மூன்று, மறுபடி மூன்று, அப்புறம் விடாமல். சிஸ்டர் அப்படியே தலை குனிந்து நின்றுவிட்டார். கொட்டகை ஆள் நெற்றியில் திருநீறு. அவரும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என் போன் அடித்தது. மாமா. "எத்தனை ஏறிச்சு?" வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னேன்.

மூவேளைச் செபமாம். காலை 6, மதியம் 12, மாலை 6. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்னதை நினைத்துக்கொள்வது. இரண்டு நிமிஷ வேலை. "பால் கறக்கும்போது மணி அடிச்சா?" என்றேன். "கறந்துகிட்டே சொல்வேன். மாடு காத்திருக்குமா?" என்றார்.

எனக்குப் பக்தி கிடையாது. ஆனால் மீஞ்சூரில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் நின்றபோதும் அந்த மணிதான் காதில் இருந்தது. வடசென்னையில் நமக்கு முந்தின தலைமுறை மில் சங்கில் வாழ்ந்தது. பாட்டி சங்குச் சத்தம் கேட்டுத்தான் உலை வைப்பாள். சங்கு முதலாளியுடையது, சரி. ஆனாலும் சாயங்காலம் ஊதினால் வேலை முடிந்தது. 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நின்று சோறு தின்ன நேரம் கேட்டு எழுந்த சங்கம்! அந்த மில்லும் 1996-இல் மூடியது.

இப்போது நமக்கு எது ஊதுகிறது? நான் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறேன். இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் வண்டி நம்பர் வரும். போனுக்கு ஆரம்பிக்கச் சொல்லத்தான் தெரியும், போதும் என்று சொல்லத் தெரியாது. மடத்தில் இருப்பவர்களை உலகம் தெரியாதவர்கள் என்று கிண்டலடித்த ஆள்தான் நானும். இந்த சிஸ்டர் விலையில் கறார், மாட்டு விஷயத்தில் கறார், 6 மணி விஷயத்திலும் அதே கறார். அவருக்கா உலகம் தெரியாது? கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர், அவருக்கு அது விதி என்று சொல்லலாம். விபூதி வைத்த கொட்டகை ஆளுக்கு என்ன விதி? அவரும்தானே நின்றார்.

அன்று செபம் முடிந்ததும், "எத்தனையில விட்டோம்?" என்றார் சிஸ்டர். சத்தியமாக மறந்துதான் "இருபத்திரண்டு" என்றேன். "இருபத்து மூணு" என்று சொல்லி அடுத்ததை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் இறக்கும்போது மாமா தனியாக எண்ணினார். சரியாக 40.

"ஒண்ணு கூடப் போட்டிருக்கலாம் உன் சிஸ்டர்" என்றார்.