வியூ பாயிண்ட் இருக்கு, பாத்ரூம் எங்கேங்க?

மார்கழி பிறந்து அரையாண்டுத் தேர்வு லீவும் விட்டாச்சு என்றால் தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்கள் வண்டி ஏறிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக விடுமுறை. சேலம், நாமக்கல் பக்கம் என்றால் ஏற்காடு, கொல்லிமலை. கோவைக்காரர்களுக்கு ஊட்டி, வால்பாறை. மதுரை, திண்டுக்கல் என்றால் கொடைக்கானல். சென்னைக்கு மாமல்லபுரம், வேடந்தாங்கல், வண்டலூர். ரூம் கீம் எதுவும் போடாமல், விடியற்காலையில் புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் கட்டிக்கொண்டு கிளம்பி, ராத்திரி வீடு வந்து சேர்கிற ஒரு நாள் பயணம். அதன் அழகைப் பற்றியெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நான் எழுத வந்தது மூத்திரத்தைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே அம்மா தண்ணீரை நிறுத்திவிடுவார். பிரஷருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த நீர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் தொட மாட்டார். "போற எடத்துல எங்கடி ஒதுங்கறது?" என்பார். கேட்டால் பதில் இல்லை என்னிடம். காரில் ஏறியதும் அண்ணி ஒரு வாய் டீக்கு மேல் குடிக்க மாட்டார். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண், பாவம், இந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்கிறாள். வண்டியில் இருக்கிற ஆம்பளைங்க மட்டும் இளநீர், கரும்புச்சாறு, சுக்குக் காபி என்று வழி முழுக்க இறக்குகிறார்கள். அவர்களுக்கு என்ன, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஒரு மரம் இருக்கிறது.

வெயில் காலம் என்றாலாவது வேர்வையில் கொஞ்சம் போகும். குளிரில் அதுவும் கிடையாது. தோலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தம் உள்பக்கம் ஒதுங்குகிறது, சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியே தள்ளுகிறது. உடம்பின் வேலை அது, யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. சர்க்கரை இருக்கிறவர்கள், பிள்ளை பெற்று இறங்கியவர்கள், மாசமாக இருக்கிறவர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஆக, எந்தப் பருவத்தில் கழிப்பறை அதிகம் தேவையோ அந்தப் பருவத்தில்தான் மொத்த மாநிலமும் மலை ஏறுகிறது.

ஏறிப் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் போட்ட ஆள் உயர எழுத்துகள் இருக்கும். ராத்திரியில் விளக்கு எரியும். பக்கத்தில் றெக்கை வரைந்த சுவர், முதுகைச் சாய்த்து நின்றால் தேவதை. செல்ஃபி எடுக்க ஒரு மேடை, அதற்குக் கிரானைட் தரை. இதற்கெல்லாம் காசு வந்தது பாருங்க, அதே காசில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட முடியவில்லை!

போன குளிர்காலத்தில் நாங்கள் போன ஒரு ஏரிக்கரை. எந்த மலை என்று சொல்லவில்லை. நீங்கள் கடைசியாகப் போன மலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தும். பெண்கள் பக்கம் நாலு கதவு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதுதான் வெஸ்டர்ன் கழிப்பறை. முட்டி மடக்க முடியாத என் அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆகும். சாவி யாரிடம் என்று கேட்டால் மேஸ்திரியிடம் என்றார் காசு வாங்குகிற அம்மா. மேஸ்திரி எங்கே? சாப்பிடப் போயிருக்கிறார். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன்: துடைப்பம், பினாயில் கேன், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஏதோ திறப்பு விழாவுக்கு அடித்த பிளெக்ஸ் சுருட்டி வைத்திருக்கிறது. இரண்டாவதில் தண்ணீர் வரவில்லை. மூன்றாவதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் கயிறு. கயிற்றை உள்ளே இருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் கயிறு, தோளில் ஹேண்ட்பேக், ஏனென்றால் மாட்ட ஒரு ஆணி கிடையாது, ஈரத் தரையில் படாமல் புடவையைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை, ஸ்வெட்டர் நுனி வாயில். மக்கை எந்தக் கையால் பிடிப்பது? முருகனுக்குத்தான் பன்னிரண்டு கை. நாலாவது ஒன்றுக்குத்தான் வரிசை. அந்த வரிசை வெளியே பஜ்ஜிக் கடை வரைக்கும் நிற்கிறது. வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களையும் படகுத்துறையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் ஆண்கள் பகுதியில் போகிறான், வருகிறான். கூட்டமே இல்லை.

அப்புறம் இந்த ரேட் விவகாரம். போர்டில் ஐந்து ரூபாய் என்று பெயிண்டில் எழுதியிருக்கும், வாங்குவது பத்து. ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்குக் காசு. கேட்டால், "உள்ள போய் என்ன போறீங்கன்னு நாங்க பாக்க முடியுமாம்மா?" என்கிறார்கள். சரி, கொடுக்கிறேன், பத்து என்ன, இருபதே கொடுக்கிறேன். காசு வாங்கின பிறகு வாளியும் தண்ணீரும் இருக்க வேண்டாமா? நாப்கின் போட ஒரு மூடி போட்ட டப்பா வேண்டாமா? அது இல்லாததால் ஜன்னல் திட்டில் நியூஸ்பேப்பர் பொட்டலங்களாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வைத்த பெண்களைத் திட்டி ஒரு போர்டு மட்டும் மறக்காமல் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து காசு வாங்குகிற அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கையுறைகூட இல்லை. எனக்குக் கோபம் கழிப்பறையை ஏலம் எடுத்தவர் மேலும், ஏலம் விட்டுவிட்டு அதற்கப்புறம் திரும்பிப் பார்க்காதவர்கள் மேலும்தான்.

"எவ்வளவு கூட்டம் வரும்னு யாருக்குத் தெரியும்" என்ற கதையை மட்டும் சொல்லாதீர்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போகிறோம், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வருகிறீர்கள், என்றைக்குப் போகிறீர்கள், எங்கே தங்கல் எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். 2025 கோடைக்கு வரம்பே போட்டார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று குறைத்து வைத்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் 32,000 பேர். பாதி பெண்கள் என்றால் 16,000. ஆளுக்கு இரண்டு தடவை போனால்கூட எத்தனை கதவு வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லும். மலையின் தாங்கும் திறனைக் கணக்கிடச் சொல்லி பெரிய நிறுவனங்களை ஆய்வுக்கு அழைத்திருக்கிறார்கள், நல்லது, அவசியம். அடிவாரத்தில் காரைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அதுவும் சரிதான், காடு பிழைக்கட்டும். அந்தத் தாங்கும் திறன் கணக்கில் என் அம்மாவின் தாங்கும் திறன் எங்கே வருகிறது என்பதுதான் என் கேள்வி.

மனசு வைத்தால் முடியாத ஊரா இது? காணும் பொங்கலுக்கு மெரினாவில் கூடுகிற கூட்டத்தைப் பாருங்க. பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி அனுப்புகிறது போலீஸ். கடலில் இறங்காமலிருக்கக் கட்டை கட்டித் தடுப்பு, கண்காணிப்புக் கோபுரம், டிரோன், குதிரைப்படை. எத்தனை அழகான ஏற்பாடு! யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், 'பிள்ளை தொலைந்தால் என்ன ஆகும்' என்று. கட்டுச்சோற்றோடு காலையில் வந்து இருட்டும் வரை மணலில் உட்காரப் போகிற பாட்டி என்ன செய்வார் என்று அதே அக்கறையோடு யோசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதே மாதங்களில் மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் போகிற செவ்வாடைப் பெண்களின் பஸ்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். விடியற்காலை இருட்டில், லாரிகள் பறக்கிற ரோட்டோரம் பஸ் நிற்கும். ஐம்பது பெண்கள் இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் போவார்கள், பாம்பு பூச்சி பார்க்காமல். வருஷா வருஷம் நடக்கிறது. காத்து, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் பெட்ரோல் பங்கில் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் சொந்த விதி. போய்க் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டாஃப் மட்டும்', 'ரிப்பேர்', 'மோட்டார் ஓடலை', இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வரும்.

"நல்ல ஓட்டலாப் பார்த்து நிறுத்தறது" என்று யோசனை சொல்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்தினோம். பத்துப் பேர் இறங்கி, பாத்ரூமுக்காக ஆளுக்கொரு காபி என்றால் ஒரு நேரத்துச் சாப்பாட்டுக் காசு போகிறது. வேன் பிடித்து வருகிற மில் தொழிலாளிக் குடும்பம், அரசு பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறுகிற குடும்பம் எந்த ஓட்டலில் நிறுத்தும்? "வீட்டிலேயே போயிட்டுக் கிளம்பறது" என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல நான் இங்கே உபயோகிக்க முடியாத வார்த்தைகள் சில இருக்கின்றன.

இதனால் நடப்பது என்னவென்றால், திரும்பி வந்ததும் இரண்டு நாளில் எரிச்சல், காய்ச்சல், டாக்டர், ஆன்டிபயாடிக். அடுத்த தடவை பேச்செடுத்தாலே அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறார். வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? முதலில் பாட்டிகள் விலகுகிறார்கள், பிறகு முட்டிவலி வந்த அத்தைகள், பிறகு கைக்குழந்தைக்காரிகள். கடைசியில் குடும்பச் சுற்றுலா என்று மிஞ்சுவது இளவட்டங்களும் ஆண்களும்தான். போட்டோவில் பாருங்க, தெரியும்.

தமிழ்நாட்டில் 'நம்ம டாய்லெட்' என்று ஒரு திட்டமே வந்தது, நினைவிருக்கிறதா? காற்று, வெளிச்சம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் யோசித்து வடிவமைத்தது, தாம்பரத்தில் முதலில் வைத்தார்கள். ஆக வரைபடம் தயார். கட்டவும் தெரியும். கட்டிய பிறகு தண்ணீர் விடுவதும், கழுவுகிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆள் வைப்பதும்தான் இவர்களுக்கு மலையாகத் தெரிகிறது.

பொறுப்பில் இருக்கிற அதிகாரி ஒருவர் இந்தப் பொங்கல் லீவில் சுழல்விளக்கு வண்டியை விட்டுவிட்டு, வாடகை வேனில், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எந்த மலைக்காவது ஏறட்டும். கிளம்பும்போது இருவரும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். மேஸ்திரி எப்போது சாப்பிட்டுவிட்டு வருவார் என்று அவரே வரிசையில் நின்று கேட்கட்டும்.