கேள்வித்தாளுக்கு அப்புறம் அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! வரிசையாக உட்கார்ந்திருக்கும் சீனப் பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு டேப்லெட் கணினி, பத்தே நிமிடத்தில் மொத்தப் பள்ளிக்கும் மனநல ஸ்கிரீனிங். "சீனாக்காரன் எங்கேயோ போய்விட்டான்" என்று கீழே ஒரு வரி. அதற்கு நான் ஒற்றை வரியில் பதில் போட்டதும் என்னவெல்லாம் வந்து விழுந்தது என்று பார்த்திருப்பீர்கள். ஒற்றை வரியில் சொன்னது என் தப்பு. நீளமாகவே சொல்கிறேன்.

நான் சொன்னது இதுதான்: ஸ்கிரீனிங் செய்துவிட்டால் மனநலச் சேவை கொடுத்ததாக ஆகாது. அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சீனப் பள்ளிகளில் பல வருடமாகப் புழங்குவது எம்எச்டி என்ற 100 கேள்வித் தாள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பிள்ளை பூசி மெழுகுகிறதா என்று பார்க்கவே அதற்குள் தனியாகச் சில கேள்விகள் உண்டு. அதில் மதிப்பெண் ஏறினால் தாளே செல்லாது. மனச்சோர்வைப் பார்க்க பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 வந்தால் நேரில் பேசிப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதில் 1 விழுந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, அன்றைக்கே ஒருவர் அந்தப் பிள்ளையுடன் உட்கார வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1,000 பிள்ளைகள், ஒரு கவுன்சலர். பத்தில் ஒருவர் அந்த மதிப்பெண்ணைத் தொட்டால் 100 பேர். ஒருவருக்கு 40 நிமிடம் பேச்சு, பிறகு குறிப்பு எழுதி, வீட்டுக்குப் போன் போட்டு, வகுப்பும் எடுத்து, ஒரு நாளைக்கு நான்கு பேரைப் பார்த்தாலே பெரிது. கடைசிப் பிள்ளையின் முறை வர 25 வேலை நாள். ஐந்து வாரம்! பத்தில் ஒருவர் என்பதும் நான் குறைத்துச் சொன்னது. சீன அறிவியல் கழகத்தின் உளவியல் நிறுவனம் 2020-இல் எடுத்த ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 24.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது.

சில இடங்களில் வகுப்பு வாட்ஸப் போல இருக்கும் வீசாட் குழுவில் க்யூஆர் கோடு வரும், வீட்டிலேயே நிரப்ப வேண்டும். போன் அம்மாவுடையது. அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். "பல நாட்கள்" என்ற விடையின் மேல் போய் நிற்கிற கட்டைவிரல், அப்படியே நகர்ந்து "இல்லவே இல்லை"யைத் தொடுகிறது. இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பள்ளி முழுக்க நலம் என்று எழுதுகிறார்கள்.

பிள்ளை ஏன் மறைக்கிறது? உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். வகுப்பாசிரியர் பெற்றோரைக் கூப்பிடுவார். வீட்டுக்கு அழைத்துப் போங்கள், மருத்துவமனைச் சான்றிதழோடு வாருங்கள் என்பார். ஷியூஷ்வே என்ற படிப்பு இடைநிறுத்தம், பெரும்பாலும் ஒரு வருடம். திரும்பி வர இன்னொரு சான்றிதழ். நடுவில் அந்த ஒரு வருடம் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாரம் ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது?

பள்ளிக் கவுன்சலரின் கையைச் சட்டமே கட்டியிருக்கிறது. 2013 மே 1-இல் அமலுக்கு வந்த மனநலச் சட்டப்படி கவுன்சலர் நோயைக் கண்டறியக் கூடாது, மனநோய்க்குச் சிகிச்சையும் தரக் கூடாது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போலிகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால் தேர்ந்த குழந்தை மனநல மருத்துவர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். சமூக அளவில் சீனா கட்டிய பெரிய அமைப்பு 2004-இல் தொடங்கிய 686 திட்டம், 68.6 லட்சம் யுவான் ஒதுக்கியதால் அந்தப் பெயர். 60 இடங்களில் தொடங்கி நாடெங்கும் பரவியது. வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, இலவச மருந்து என்று நல்ல வேலை செய்தது, மறுக்க மாட்டேன். ஆனால் அது ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் உள்ளிட்ட ஆறு கடும் நோய்களுக்கானது. மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், பள்ளிக்கூட வாசலில் கால் நடுங்கும் 14 வயதுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

"ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருக்கிறதே" என்கிறீர்கள். ஒரு பிள்ளை துணிந்து உண்மையைச் சொல்லி, அதற்கு யாருமே வரவில்லை என்றால், அது மறுபடி வாய் திறக்குமா?

"பெற்றோர் மானத்துக்குப் பயந்து மறைக்கிறார்கள், அரசு என்ன செய்யும்" என்பது அடுத்தது. மறைக்கிறார்கள், உண்மை. மறைக்காதவர்களின் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் மறைக்கிறார்கள்.

எனக்குச் சீனர்கள் மேல் காழ்ப்பு என்று எழுதினீர்களே, அதுதான் வலித்தது. சரி, ஹாங்காங்கைப் பாருங்கள், அதுவும் சீனச் சமூகம்தான். 2010-இலேயே எல்லாப் பகுதிகளிலுமாக 24 ஒருங்கிணைந்த மனநல மையங்கள் தொடங்கினார்கள், மருத்துவர் சீட்டு இல்லாமலே உள்ளே போகலாம். 2016-இல் மனநலச் செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் மூவரும் ஒரே பிள்ளைக்காக ஒரே மேசையில் உட்காரும் திட்டம் சில பள்ளிகளில் தொடங்கியது. 2019-20 கல்வியாண்டிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு இரண்டு சமூகப் பணியாளர்கள். அவசரமில்லாதவர்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்கும் கொடுமை அங்கும் உண்டு. ஆனால் காத்திருக்கும்போது போக ஓர் இடம் இருக்கிறது. தைவானில் 2023 ஆகஸ்டில் 15 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மூன்று முறை இலவச ஆலோசனை தொடங்கினார்கள். 2024-இலிருந்து மேல்நிலை மாணவருக்குப் பருவத்துக்கு மூன்று நாள் மனநல விடுப்பு. மருத்துவச் சான்றிதழ் வேண்டாம், பெற்றோர் சம்மதம் போதும். இவர்களைப் பாராட்டினால் சீனர் மேல் காழ்ப்பா?

சீன அரசுக்கும் இது தெரியும். 2025-க்குள் 95 சதவீதப் பள்ளிகளில் உளவியல் ஆசிரியர் இருக்க வேண்டும் என்று 2023-இல் இலக்கு வைத்தார்கள். முழுநேரமோ பகுதிநேரமோ என்று எழுதியதில்தான் ஓட்டை. ஒழுக்கப் பாடம் எடுக்கிறவரே இதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும்.

உடையும் பிள்ளைக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது: போலிஷின், கண்ணாடி மனசு. இரவு பத்து மணி வரை பள்ளியிலேயே படிக்க வைத்து, விடியுமுன் எழுப்பி, மனசு கண்ணாடி என்று பிள்ளையையே குறை சொல்வது என்ன நியாயம்? மேல்நிலைப் பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று 2021-இல் கல்வி அமைச்சகமே சொன்னது. முதலில் அதைக் கொடுங்கள், பிறகு டேப்லெட் கொடுக்கலாம். 2024 இலையுதிர் காலத்தில் பெய்ஜிங்கில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இடைவேளையை 10 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினார்கள். பிள்ளைகள் கீழே இறங்கி வெயிலில் ஓடிவிட்டு வர அந்த ஐந்து நிமிடம். பிள்ளைகள் ஓடுகிற அந்த வீடியோவை எனக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை.