நாகசுரத்தின் அணசுக்குள் மைக்கைச் செருகாதீர்கள்

கோயில் விழா ஒன்றில் பதிவான நாகசுரக் கச்சேரியைச் சென்ற வாரம் கேட்டேன். ஒரு சுரம் காதை அறைகிறது, அடுத்த சுரம் எங்கோ ஒளிந்துகொள்கிறது. வாசித்தவர் மீது பிழையில்லை. நாகசுரத்தின் முனையில் புனல்போல் விரியும் அணசின் வாய்க்குள்ளேயே மைக்கை வைத்தவர் செய்த வேலை அது.

ஒலி முழுவதும் அணசு வழியாகவே வெளியேறுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் விரல்கள் திறந்துவிடும் துளைகளிலிருந்தும் அது புறப்படுவதால், எந்தத் துளை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுரத்துக்குச் சுரம் ஒலி கிளம்பும் இடமே மாறுகிறது. போதாக்குறைக்கு, உயர் அதிர்வெண்கள் அணசின் நேர்கோட்டில்தான் கூர்மையாகப் பாய்கின்றன. அங்கே நிற்கும் மைக், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் சீறலைத்தான் முதலில் பிடிக்கும். ஐந்தாறு அடி தள்ளி, அணசின் நேர்கோட்டிலிருந்து விலகி, துளைகள் உள்ள குழற்பகுதியான உலவின் நடுப்பகுதியை நோக்கி மைக்கை வைத்தால், எல்லாத் துளைகளின் ஒலியும் ஒன்றுகலந்த பிறகே அதை வந்தடைகிறது.

தவிலோடு சேர்த்துப் பதிவுசெய்ய, பிரெஞ்சு வானொலியினர் வகுத்த இணை மைக் முறையையே நான் விரும்புகிறேன். முன்னிருந்து வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும் ஒருதிசை மைக்குகள் இரண்டை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 பாகை விலகியிருக்குமாறு பொருத்த வேண்டும்; அவ்வளவுதான். தவில் மிஞ்சி ஒலித்தால் பொத்தான்களைத் திருகாமல், தவிற்காரரை இரண்டடி பின்னால் அமரச் சொல்லலாம். (சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும் என்பது வேறு விஷயம்.)

தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று, நாகசுரத்துக்கு ஒன்று என மைக்குகளை அடுக்கினால் ஒவ்வொரு ஒலியும் எல்லா மைக்கிலும் நுழையும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுத்துக்கொள்வதால், ஒரே தவிலடி வெவ்வேறு நேரங்களில் பதிவாகி, கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தவிலின் ஒரு தோல் உள்ளே போகும்போது மறுதோல் வெளியே தள்ளப்படுவதால், இரு பக்கமும் மைக் வைப்பவர்கள் ஒன்றின் துருவத்தை மாற்றியும், அதாவது அதன் ஒலியலையைத் தலைகீழாக்கியும், கேட்டுப் பார்ப்பது நல்லது, தாழ்ந்த ஒலியின் கனம் திரும்பிவரும்.

பிராகாரத்தில் கூட்டத்தின் இரைச்சலும் மணியோசையும் சேருமே என்பார்கள். சேரட்டும், அந்த வாத்தியம் வாழும் இடம் அது. ஆனால் சுவர்கள் எதிரொலித்துத் தள்ளும் கல்யாண மண்டபங்களில் இணை மைக் முறை தோற்றுப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நெருங்கித்தான் ஆக வேண்டும். அப்போதும் இரண்டடி தொலைவில், உலவுக்கு எதிரே.