பேரவையில் நம் பெற்றோருக்கு எத்தனை இடம்?

இலங்கை மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எந்த ஊரில் வரும், யார் பெயரில் வரும், எத்தனை ஏக்கர் காணி கிடைக்கும் என்பதிலேயே பேச்செல்லாம் முடிந்துவிடுகிறது. அதை யார் நடத்துவார்கள், அதன் நிர்வாக சபையான பேரவையில் யார் உட்காருவார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முதலாவது. ஏன் என்று சொல்ல அயர்லாந்து வரை போய் வரவேண்டும், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

டப்ளினுக்கு மேற்கே மேனூத் என்றொரு சிறிய ஊர். அங்கே 1795இல் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி தொடங்கியது. அதற்குச் சட்டம் போட்டு, 8,000 பவுண் பணமும் ஒதுக்கியது அயர்லாந்துப் பாராளுமன்றம். அந்தப் பாராளுமன்றத்தில் ஒரு கத்தோலிக்கர்கூட உறுப்பினராக முடியாது. கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, பிள்ளைகளைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது என்று 1695இல் சட்டம் போட்டதும் அதுதான். நூறு வருடத்தில் மனம் மாறியதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸ் போன்ற இடங்களில் இருந்த அயர்லாந்துக் குருமடங்கள், அதாவது குருக்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகள், மூடப்பட்டிருந்தன. 1793இலிருந்து பிரான்சோடு யுத்தம் வேறு. குருமாணவர்கள் அந்தப் பக்கம் போய்ப் புரட்சி படித்துவிட்டு வருவதைவிட, கண்முன்னாலேயே படிக்கட்டும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது.

சரி, அரசாங்கம் தன் தேவைக்காகக் கொடுத்தது. வாங்கியவர்கள் என்ன நிபந்தனையில் வாங்கினார்கள் என்று பாருங்கள். கல்லூரியை நடத்த 21 நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் சட்டத்தில் குறிக்கப்பட்டார்கள். அதில் நான்கு பேர் அரசின் ஆட்கள்: நாட்டின் தலைமை நீதி அதிகாரியான லோர்ட் சான்சலரும் மூன்று உயர் நீதிமன்றங்களின் தலைவர்களும். நால்வருமே புரட்டஸ்தாந்துக்காரர். மீதி 17 பேரும் கத்தோலிக்கர். பேராயர்கள் நால்வர், ஆயர்கள் அறுவர், குருக்கள் அல்லாத பொதுநிலையினர் அறுவர், அவர்களோடு கல்லூரியின் முதல் தலைவரான குருவானவர் தோமஸ் ஹஸி. காசு அரசாங்கத்துடையது, ஆனால் வாக்கெடுப்பு என்று வந்தால் நாலுக்குப் பதினேழு. ஓர் இடம் வெற்றிடமானால் மற்றப் பொறுப்பாளர்களே ஆளைத் தெரிவு செய்வார்கள்.

அந்த நான்கு பேரையும்கூட நம்ப வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஹஸியின் நண்பரும் அரசியல் சிந்தனையாளருமான எட்மண்ட் பர்க், குருமாணவர்களின் கல்வியை உங்களுக்கு எதிரானவர்களின் கட்டுப்பாட்டில் விட்டுவிடாதீர்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். ஐந்து வருடத்தில், 1800இல், நீதிபதிகள் பொறுப்பாளர் சபையிலிருந்து எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் பதவி கொடுக்கப்பட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம், விசாரிக்கலாம். சமய விடயங்களை மட்டும் மேற்பார்வையாளர்களில் கத்தோலிக்கராக இருப்பவர்களே பார்க்கவேண்டும். பணம் தருபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, உள்ளே உட்கார்ந்து முடிவெடுக்கும் உரிமை இல்லை என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேனூத்தில் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. மானியத்துக்காக ஒவ்வொரு வருடமும் பாராளுமன்றத்தின் முன் நிற்கவேண்டியிருந்தது, ஒவ்வொரு வருடமும் வசவு. 1845இல் பிரிட்டன் பிரதமர் ரொபர்ட் பீல் அதை வருடத்துக்கு 26,360 பவுணாக உயர்த்தி நிரந்தரமாக்கினார், கட்டடத்துக்கு 30,000 பவுண் தனியாகக் கொடுத்தார். அதற்கே பிரிட்டன் முழுவதும் எதிர்ப்பு. பீலின் அமைச்சரவையில் இருந்த கிளாட்ஸ்டன் அமைச்சுப் பதவியை விட்டே விலகினார்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. அந்தப் பொதுநிலையினர் ஆறு பேரும் பிரபுக்கள், நிலச்சுவாந்தர்கள். கல்லூரிக்கு வந்த மாணவர்களில் பெரும்பாலானோர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் அப்பாமாருக்கு 21 இடத்தில் ஓர் இடமும் இல்லை. சமூகத்தின் பெயரால் 17 பேர் உட்கார்ந்தார்கள், ஆனால் சமூகத்தின் மேல்தட்டு மட்டுமே உட்கார்ந்தது.

இப்போது நம் மலைக்கு வருவோம். கண்டியில், அம்பிட்டியவில், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 1893இல் இந்தியத் திருச்சபைக்கென்று ஒரு பெரிய குருமடத்தைத் தொடங்கிவைத்தார். பெல்ஜிய இயேசு சபையினர் நடத்தினார்கள். அறுபது வருடத்துக்கு மேல் அங்கே இயங்கியது. 1955இல் அது பூனேக்குப் போய்விட்டது. அந்த முடிவு உரோமையில் எடுக்கப்பட்டது. நம் தேசிய குருமடம் அதே இடத்தில் தொடர்வது நல்ல விடயம்தான். ஆனாலும் ஒரு நிறுவனம் எங்கே இருக்கவேண்டும் என்பதை அதைச் சுற்றி வாழ்பவர்கள் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

தோட்டப் பாடசாலைகளின் கதையும் அதுதான். அரசு பொறுப்பேற்கும் வரை தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான் பாடசாலைக்கு மனேஜர். பத்தனையில் ஜெர்மனிய உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! பிறகு யாரை எத்தனை பேர் சேர்ப்பது என்பதிலேயே சர்ச்சை கிளம்பியது. கட்டடம் நமக்காக வந்தது, தீர்மானிக்கும் இடத்தில் நாம் போதுமான அளவு இல்லை.

ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அரைநாள் பெயரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்த அம்மாமார் கடைசி வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள், விரலில் கொழுந்துக்கறை அப்படியே இருந்தது. அதிபர் தலைவர், அது விதி. மற்றப் பதவிகளுக்கான பெயர்கள் ஒரு தாளில் முன்கூட்டியே எழுதியிருந்தன. கணக்கறிக்கை வேகமாக வாசிக்கப்பட்டது. ஓர் அம்மா எழுந்து, "தண்ணி டேங்குக்குக் குடுத்த காசு என்னாச்சுங்க சேர்?" என்று கேட்டார். "அது அடுத்த கூட்டத்துல பாப்பம்மா" என்று பதில் வந்தது. வரவுப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கூட்டம் முடிந்தது. அந்த அம்மாவின் கேள்வியைவிடச் சரியான நிர்வாகக் கேள்வி ஒன்றை நான் எந்தப் பெரிய சபையிலும் கேட்டதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பல்கலைக்கழகத்தை நிர்வகிப்பது பேரவை. உபவேந்தர், பீடாதிபதிகள் பதவி வழியாக வருவார்கள். கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவை இருவரை அனுப்பும். இவர்கள் எல்லோரையும்விட ஒருவர் கூடுதலாக வெளியாட்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். கல்வி, தொழில்வாண்மை, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவை செய்தவர்களாக அவர்கள் இருக்கவேண்டும். உபவேந்தருக்கு மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்வதும் இந்தப் பேரவைதான். ஆக, பெரும்பான்மை கொழும்பில் நியமிக்கப்படும் வெளியாட்களிடம். அவர்களில் ஒருவராவது ஹட்டனிலிருந்தோ பசறையிலிருந்தோ வரவேண்டும் என்று எங்கேயும் கட்டாயமில்லை. வந்தாலும் அரசியல்வாதியின் சிபாரிசில் வரும் ஒருவராக இருந்தால் மேனூத்தின் பிரபுக்கள் கதைதான்.

எனவே மலையகப் பல்கலைக்கழகம் கேட்டு மகஜர் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இது. காணிக்கும் கட்டடத்துக்கும் முன்னால் பேரவையைப் பற்றி எழுதுங்கள். வெளி உறுப்பினர்களில் பாதிப்பேராவது நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டச் சமூகத்திலிருந்து வரவேண்டும் என்று கேளுங்கள். அதில் இரண்டு இடம் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு, அவர்களே தெரிவு செய்யும் ஆட்களுக்கு. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் அந்த இரண்டு இடம் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சட்டத்தைத் திருத்தாமல் முடியாது என்றால் திருத்தத்தையே கேட்போம். முதல் உபவேந்தர் பதவியேற்ற பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.